ரேடியேட்டர் சூடாகவில்லை: பாண்டிச்சேரிப் பெற்றோரும் பிரான்சில் இருக்கும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாண்டிச்சேரியில் ரேடியேட்டர் பொருத்திய வீடு எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அக்டோபர் பிறந்துவிட்டால் முத்தியால்பேட்டையிலும் குருசுக்குப்பத்திலும் நெல்லித்தோப்பிலும் அதுதான் பேச்சு. 1962-இல் பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று சர்செல், கார்ஜ், லா கூர்நேவ் என்று பாரிஸின் வடக்குப் புறநகர்களில் இருக்கிறார்கள். அங்கே அவர்களுக்குக் குளிரெடுத்தால் இங்கே தாய்க்குத் தூக்கம் கெடுகிறது. நான் அந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில் வெப்பமூட்டும் அமைப்புகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். ஆகவே கேள்விகள் என் வாசலுக்கு வருகின்றன. அவர்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் மாலை ஆறரை மணி, குளிர்காலத்தில் நமக்கு இரவு பதினொன்று. அந்த நேரத்துத் தொலைபேசி அழைப்புகளைக் குறைக்கும் சுயநலமும் இந்தப் பக்கத்தில் கலந்திருக்கிறது.

1. "ரேடியேட்டருக்குள் என்ன இருக்கிறது? காஸ் எரிகிறதா, ஹீட்டர் கம்பியா?"

பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான். ஓரிடத்தில் பாய்லர் தண்ணீரைச் சூடாக்குகிறது. பம்பு அதைக் குழாய் வழியே ஒவ்வோர் அறைக்கும் தள்ளுகிறது. ஜன்னலுக்கு அடியில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் நுழைந்து, சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு, ஆறிய தண்ணீர் வேறொரு குழாய் வழியே பாய்லருக்கே திரும்புகிறது. அந்தப் பெட்டிதான் ரேடியேட்டர். அதற்குள் எதுவும் எரிவதில்லை.

குழாயே இல்லாமல் சுவரிலிருந்து மின்கம்பி மட்டும் வரும் ரேடியேட்டர்களும் உண்டு. அவற்றுக்குள் கம்பிச்சுருள் இருக்கும். அவற்றின் கதை வேறு; 13-ஆம் கேள்வியில் இருக்கிறது.

2. "மகன் வீட்டில் எந்த வகை என்று அவனுக்கே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?"

குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். குழாய் இல்லையென்றால் மின்சாரம். குழாய் இருந்து, சமையலறையிலோ குளியலறையிலோ சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கி, அதில் அழுத்தம் காட்டும் முள்ளோ எண்ணோ இருந்தால் அது சொந்த பாய்லர். குழாய் இருக்கிறது, பெட்டி இல்லை என்றால் கட்டடம் முழுவதற்கும் பொதுவான வெப்பம். பாய்லர் அடித்தளத்தில் இருக்கும், அல்லது நகராட்சியின் வெப்பக் குழாய் தெருவுக்கு அடியில் வரும்.

இந்த மூன்றில் எது என்று தெரியாமல் எனக்கு அழைக்க வேண்டாம். பாதிப் பேர் தங்களுடையதல்லாத பாய்லரைப் பழுதுபார்க்கப் புறப்படுகிறார்கள். மீதிப் பேர் தாங்களே இரண்டு நிமிடத்தில் சரிசெய்யக்கூடியதற்குக் கட்டட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

3. "ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?"

எதையும் திருகும் முன் கையை வைக்கச் சொல்லுங்கள். நான்கு இடங்களைத் தொட வேண்டும்: உள்ளே வரும் குழாய், வெளியே போகும் குழாய், ரேடியேட்டரின் மேல்விளிம்பு, அடிப்பகுதியின் நடு. வரும் குழாய் கையைச் சுடலாம். ஆகவே முதலில் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது.

இரண்டு குழாய்களும் சில்லென்று இருந்தால் சூடான தண்ணீர் அங்கு வந்து சேரவே இல்லை. பிரச்சினை ரேடியேட்டரில் இல்லை. பம்பு, பாய்லர், கட்டடத்தின் வால்வு ஆகியவற்றில் ஏதோ ஒன்று. வரும் குழாய் சுட்டு, ரேடியேட்டர் முழுவதும் குளிர்ந்திருந்தால் வால்வு திறக்கவில்லை (கேள்வி 10). கீழே சூடு, மேலே குளிர் என்றால் உள்ளே காற்று (கேள்வி 5). மேலேயும் ஓரங்களிலும் சூடு, அடியில் நடுவில் மட்டும் குளிர் என்றால் சேறு (கேள்வி 6).

மேலே நல்ல சூடு, கீழே கொஞ்சம் மட்டு என்பது பழுதே இல்லை. தண்ணீர் சூட்டைக் கொடுத்துவிட்டுத்தானே கீழே இறங்குகிறது? இதைப் பழுதென்று நினைத்து ஆளை வரவழைத்து, வந்து பார்த்ததற்கே கட்டணம் கட்டியவர்கள் நம் சனத்தில் ஏராளம்.

4. "வால்வில் 1 முதல் 5 வரை எண் இருக்கிறது. 5-இல் வைத்தால் சீக்கிரம் சூடாகுமா?"

ஆகாது. அந்த எண்கள் அறை எவ்வளவு சூட்டில் நிற்க வேண்டும் என்பதைக் குறிக்கின்றன. எவ்வளவு வேகமாக என்பதை அல்ல. 3 என்றால் ஏறத்தாழ 20 டிகிரி. ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு மூன்று டிகிரி ஏறும் அல்லது இறங்கும். நட்சத்திரம் போன்ற பனிப்படிகக் குறி ஏழெட்டு டிகிரி. குழாய் உறையாமல் காப்பதற்கு மட்டும். 3-இல் வைத்தாலும் 5-இல் வைத்தாலும் குளிர்ந்த அறை 20-ஐத் தொட ஒரே நேரம்தான் ஆகும். 5-இல் வைத்தவர் அதற்குப் பிறகு ஜன்னலைத் திறக்கிறார்.

வால்வின் தலைக்குள் மெழுகோ திரவமோ நிரப்பிய சிறு உறை ஒன்று இருக்கிறது. சுற்றியிருக்கும் காற்று சூடானால் அது விரிந்து தண்ணீர் வழியை மூடும். திரைச்சீலை அதன் மேல் தொங்கினாலும், சோபாவை ஒட்டிப் போட்டாலும் அந்தத் தலைக்கு மட்டும் புழுக்கமாகி, அறை சூடாகிவிட்டதாக நினைத்து மூடிக்கொள்ளும். ஊரிலிருந்து ஆசையாகக் கொடுத்தனுப்பிய கனத்த திரைச்சீலையைச் சற்று மேலே ஏற்றிக் கட்டியதும் சரியான வீடுகள் உண்டு.

5. "மேல் பாதி சில்லென்று இருக்கிறது, கீழே சுடுகிறது. கடகடவென்று சத்தம் வேறு."

உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது. காற்று மேலே நின்றுகொண்டு தண்ணீரை ஏறவிடாமல் தடுக்கிறது. கோடை முழுவதும் நின்றிருந்துவிட்டு முதல் குளிரில் ஓடத் தொடங்கும் அமைப்புகளில் இது சாதாரணம். மேல் மாடிகளில் இன்னும் அதிகம்.

ரேடியேட்டரின் மேல்முனையில், வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில், ஒரு சின்னத் திருகு இருக்கும். அதற்கான சதுரச் சாவியைக் கடையில் "கிளே தெ பூர்ஜ்" என்று கேட்டால் ஓரிரு யூரோவுக்குக் கொடுப்பார்கள். சில வகைகளுக்குச் சாதாரணத் திருப்புளியே போதும். சொந்த பாய்லர் என்றால் முதலில் அதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். ஓடும்போது திறந்தால் பம்பு இன்னும் காற்றை இழுக்கலாம், கையும் வெந்துபோகும். அடியில் ஒரு கிண்ணம், சுவரை ஒட்டிப் பழைய துணி. திருகை இடப்பக்கமாகக் கால் சுற்று மட்டும் திருப்ப வேண்டும். கழற்றி எடுக்கக் கூடாது. உஸ்ஸென்று காற்று வரும், பிறகு காற்றும் தண்ணீருமாகத் துப்பும், பிறகு தண்ணீர் சீராக ஒழுகும். உடனே மூடிவிட வேண்டும். பல ரேடியேட்டர்கள் இருந்தால் கீழ்த்தளத்தில் பாய்லருக்கு அருகில் இருப்பதில் தொடங்கி மேலே போக வேண்டும். முடிந்ததும் அழுத்தத்தைப் பார்ப்பது கட்டாயம் (கேள்வி 8).

பொது வெப்பம் உள்ள கட்டடத்தில் திருகைத் தொடும் முன் கார்தியேனிடம் (கட்டடக் காவலாளி) ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. பல கட்டடங்களில் இதற்கென்றே பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறது; ஆள் வந்து இலவசமாகச் செய்துவிட்டுப் போவார். பெயிண்ட் அடித்து அடித்து மூடிப்போன திருகை வலுவாகத் திருப்பவே கூடாது. அது ஒடிந்தால் நிற்காமல் கொட்டுவது கட்டடம் முழுவதன் தண்ணீர்.

6. "திருகைத் திறந்ததும் கறுப்பாகத் தண்ணீர் வந்தது. நாற்றம் வேறு. பாய்லர் கெட்டுவிட்டதா?"

இல்லை. அதே தண்ணீர் இரும்புக்குள் பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரும்பு மெல்ல அரித்து, காந்தத்தில் ஒட்டக்கூடிய கறுப்புத் தூளாகத் தண்ணீரில் கலந்திருக்கிறது. அழுக்காக இருந்தாலும் அது இருக்க வேண்டிய நிறம்தான். கம்பளத்தில் பட்டால் போகாது. ஆகவேதான் பழைய துணி என்றேன்.

அந்தத் தூள் ரேடியேட்டரின் அடியில் படிந்து இறுகும்போதுதான் தொல்லை. தண்ணீர் படிவத்தைத் தாண்டி மேலாகவே ஓடிவிடும். அடியில் நடுப்பகுதி குளிர்ந்தே கிடக்கும். காற்றை எத்தனை முறை திறந்துவிட்டாலும் பயன் இல்லை. ரேடியேட்டரைக் கழற்றி வெளியே கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரால் அலசலாம், அல்லது அமைப்பு முழுவதையும் இயந்திரம் வைத்துக் கழுவலாம். இரண்டுமே தொழில் தெரிந்தவர் வேலை. கழுவிய பிறகு திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்று வைத்துத் தரச் சொல்லுங்கள். அந்தச் செலவுக்குத் தயங்க வேண்டாம்.

7. "மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்திருக்குமோ?"

இந்தக் கேள்வியைப் பாண்டிச்சேரியில்தான் கேட்க முடியும். எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். அங்கே தொட்டி கிடையாது. குழாய்த் தண்ணீர் நகராட்சியின் அழுத்தத்திலேயே வருகிறது. ரேடியேட்டர் தண்ணீர் அதிலிருந்தும் பிரிந்த மூடிய சுற்று. ஒருமுறை நிரப்பினால் எங்கும் போகாமல் அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது யாரோ திருகைத் திறந்திருக்கிறார்கள்.

8. "காற்று எடுத்த பிறகு ஒன்றுமே சூடாகவில்லை. பாய்லர் சிவப்பு விளக்கு காட்டுகிறது."

காற்றோடு தண்ணீரும் கொஞ்சம் போயிருக்கும். மூடிய சுற்றில் தண்ணீர் குறைந்தால் அழுத்தம் இறங்கும். ஒரு அளவுக்குக் கீழே போனதும் பாய்லர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். முள்ளைப் பாருங்கள்: ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை இருக்க வேண்டும்.

பாய்லரின் அடியில், பல வகைகளில், தண்ணீர் நிரப்பும் சிறு குழாய்த் திருகு ஒன்று இருக்கும். அதை மெதுவாகத் திறந்து, முள் 1.5-ஐத் தொட்டதும் மூட வேண்டும். மூட மறந்து தொலைபேசியில் பேசப் போய்விட்டால் 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரைக் கொட்டும். அழுத்தம் ஏறிய பிறகு பாய்லரில் உள்ள ரீசெட் பொத்தானை ஒருமுறை அழுத்தலாம். மீண்டும் மீண்டும் நின்றால் விட்டுவிட்டு ஆளை அழையுங்கள். பாய்லரின் மூடியைக் கழற்றுவது மருமகன் வேலை இல்லை, எவ்வளவு படித்த மருமகனாக இருந்தாலும்.

9. "வாரம் ஒருமுறை தண்ணீர் நிரப்ப வேண்டியிருக்கிறது. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று விட்டுவிடக் கூடாது. ஆண்டுக்கு ஓரிரு முறை என்றால் சரி. வாரந்தோறும் என்றால் தண்ணீர் எங்கோ போகிறது. வால்வுகளின் அடியிலும் இணைப்புகளிலும் காகிதக் கைக்குட்டையைச் சுற்றி வைத்து, மறுநாள் ஈரமா என்று பாருங்கள். எங்கும் ஈரம் இல்லாமல், சூடானால் முள் 3-ஐ நெருங்கி, ஆறினால் பூஜ்யத்துக்கு அருகில் விழுகிறது என்றால், தண்ணீர் விரிவதற்கு இடம் கொடுக்கும் காற்றுக் கலம் பழுதாகியிருக்கும். அதை மாற்றலாம், பெரிய செலவில்லை.

நிரப்பிக்கொண்டே இருப்பதில் இன்னொரு கேடு: ஒவ்வொரு புதுத் தண்ணீரும் புது ஆக்சிஜனை உள்ளே கொண்டுபோகிறது, இரும்பு மறுபடி அரிக்கிறது. 6-ஆம் கேள்வியின் கறுப்புத் தூள் இப்படித்தான் பெருகுகிறது.

10. "குழாய் நன்றாகச் சுடுகிறது, வால்வு 5-இல் இருக்கிறது, ரேடியேட்டர் மட்டும் பனிக்கட்டியாக இருக்கிறது."

இதுதான் அக்டோபர் மாதத்தின் ராஜா. வால்வின் தலைக்கு அடியில் சின்ன ஊசி ஒன்று மேலும் கீழும் அசைகிறது. கோடையில் பல மாதங்கள் மூடியே கிடந்ததால், அழுத்தப்பட்ட நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். தலையை 5-க்குத் திருப்பினாலும் ஊசி எழும்பாது.

தலையை 5-இல் வைத்து, அதைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கையால் அல்லது துணி சுற்றிய குறடால் தளர்த்தினால் தலை கழன்று வரும். தண்ணீர் வராது, அது வேறு மூடிக்குள் இருக்கிறது. நடுவில் ஊசி முனை தெரியும். சாவிக்கொத்தின் தட்டையான பக்கம் போன்ற ஏதாவது ஒன்றால் அதை மெதுவாக அழுத்தி விட வேண்டும். நல்ல ஊசி மூன்று நான்கு மில்லிமீட்டர் உள்ளே போய்த் தானாகவே திரும்பி வரும். ஒட்டியிருந்தால் அசையாது. ஒரு துளி மசகெண்ணெய் விட்டு, அழுத்தி, பக்கவாட்டில் லேசாகத் தட்டி, திரும்பவும் அழுத்திப் பாருங்கள். எழும்பிவிட்டால் சில நிமிடங்களில் ரேடியேட்டருக்குள் தண்ணீர் பாயும் சத்தம் கேட்கும். குறடால் பிடித்து வெளியே இழுக்க மட்டும் கூடாது. ஊசியோடு மூடியும் வந்துவிட்டால் அறை முழுவதும் கறுப்புத் தண்ணீர் பீய்ச்சும், பிறகு கீழ் வீட்டுக்காரரின் காப்பீட்டு நிறுவனத்தோடு பேச வேண்டியிருக்கும்.

அடுத்த ஆண்டு இது வராமலிருக்க, வெப்பம் நின்றதும் எல்லா வால்வுகளையும் 5-இல் திறந்து வைத்துவிட்டால் போதும். ஏப்ரலில் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

11. "ஹாலில் வியர்க்கிறது, படுக்கையறையில் குழந்தை நடுங்குகிறது. இரண்டும் ஒரே பாய்லர்தான்."

பாய்லரை இயக்கும் அறைத் தெர்மோஸ்டாட் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஹாலில் இருக்கும். நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை சமையலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று அடுப்பில் கறியும் சோறும் கொதிக்கும், ஹாலில் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். தெர்மோஸ்டாட்டுக்கு 20 டிகிரி வந்துவிட்டது, பாய்லரை நிறுத்திவிடும். படுக்கையறை ரேடியேட்டருக்கு 5 என்று வைத்திருந்தாலும் வரும் தண்ணீரே ஆறிவிட்டது. விருந்து நாளில் சமையலறைக் கதவைச் சாத்துங்கள். தெர்மோஸ்டாட்டை நகர்த்தக்கூடிய வகை என்றால் வேறு அறையில் வைத்துப் பாருங்கள்.

விருந்தில்லாத நாளிலும் அப்படியே என்றால், அருகில் இருக்கும் ரேடியேட்டர்கள் தண்ணீரைத் தாங்களே எடுத்துக்கொண்டு தொலைவில் இருப்பதற்கு விடுவதில்லை. கடைமடைக்குத் தண்ணீர் போகாத வாய்க்கால் கதைதான். ஒவ்வொரு ரேடியேட்டரின் மறுமுனையிலும், வெளியே போகும் குழாயில், மூடியிட்ட திருகு ஒன்று உண்டு. நன்றாகச் சுடுகிற ரேடியேட்டர்களில் அதைக் கொஞ்சம் மூடி, குளிர்ந்ததில் முழுவதும் திறக்க வேண்டும். கால் சுற்று திருப்பி, ஒரு நாள் விட்டுப் பார்த்து, பிறகு அடுத்த கால் சுற்று. முதலில் எத்தனை சுற்றில் இருந்தது என்று எழுதி வைக்காமல் தொடங்க வேண்டாம். அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை.

12. "அடுக்குமாடியில் இருக்கிறோம். செப்டம்பர் கடைசியிலேயே குளிர்கிறது, ரேடியேட்டர் எல்லாம் சில்லென்று இருக்கின்றன."

பொது வெப்பத்தை இன்ன தேதியில் திறக்க வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் எதுவும் இல்லை. வழக்கத்தில் அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை. தேதியைக் கட்டட நிர்வாகம் முடிவு செய்கிறது. அதற்கு முன் எல்லா ரேடியேட்டர்களும் குளிர்ந்திருப்பது பழுதில்லை. வீட்டுக்குள் சராசரி 19 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது என்பது பிரெஞ்சு எரிசக்திச் சட்டத் தொகுப்பின் விதி. மார்கழி விடியலில் கடற்கரைச் சாலையில் நாம் சால்வை போர்த்திக்கொள்கிறோமே, அதைவிடச் சற்றுக் கம்மி. ஆகவே 19 இருந்தும் குளிர்கிறது என்று புகார் சொன்னால் நிர்வாகம் புன்னகை செய்யும்.

பருவம் தொடங்கிய பிறகும் வரவில்லை என்றால் அக்கம்பக்கம் கேட்பதைவிட மேலும் கீழும் கேளுங்கள். பல பழைய கட்டடங்களில் தண்ணீர் செங்குத்துக் குழாய்களில் ஏறுகிறது; உங்கள் படுக்கையறைக்கும் மேல் வீட்டுப் படுக்கையறைக்கும் ஒரே குழாய். மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் அதே அறை குளிர்ந்திருந்தால் அந்தக் குழாயின் வால்வு அடித்தளத்தில் மூடியிருக்கிறது, அல்லது அதன் உச்சியில் காற்று நிற்கிறது. மூன்று வீட்டாரும் சேர்ந்து சொன்னால் நிர்வாகம் விரைவாக நகரும். ரேடியேட்டரின் மேல் ஒட்டியிருக்கும் சிறு வெள்ளைப் பெட்டியை மட்டும் கழற்ற வேண்டாம். அது உங்கள் பங்கைக் கணக்கிடும் அளவி.

13. "மகள் வீட்டில் குழாயே இல்லை. மின்சார ரேடியேட்டர். விளக்கு எரிகிறது, சூடு வரவில்லை."

முதலில் அதன் மேலுள்ள குமிழைப் பாருங்கள். சூரியன் குறி முழுச் சூடு, பிறை நிலா குறி மூன்று நான்கு டிகிரி குறைவு, பனிப்படிகக் குறி உறையாமல் காப்பது. முந்தைய குடித்தனக்காரர் பிறையில் விட்டுப் போயிருக்கலாம். குறி சரியாக இருந்தும் சூடு வரவில்லை என்றால் மின்பெட்டிக்குள் நேரக்கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டருக்கு வரும் கம்பிகளில் மூன்றாவதாக ஒரு கறுப்புக் கம்பி உண்டு; அதன் வழியாக அந்தக் கருவி எல்லா ரேடியேட்டர்களுக்கும் "இப்போது குறைத்துக்கொள்" என்று கட்டளை அனுப்புகிறது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் என்று பழைய ஆள் குறித்து வைத்ததற்கு உங்கள் மகள் குளிரில் உட்கார்ந்திருக்கிறாள். இங்கே கறுப்பு பூஜ்யக் கம்பி என்று பழகிய நம் ஊர் எலக்ட்ரீஷியனை வீடியோ அழைப்பில் காட்டி வழி கேட்க வேண்டாம். நிறங்களின் பொருள் அங்கே வேறு.

எல்லா ரேடியேட்டர்களும் ஒரே நேரத்தில் அணைந்து, வீடே இருண்டால் மீட்டர் துண்டித்திருக்கிறது. மின் நிறுவனத்தோடு 6 கிலோவோல்ட்-ஆம்பியர் ஒப்பந்தம் என்றால் ஏறத்தாழ 6000 வாட் வரைதான். தலா 1500 வாட் ரேடியேட்டர் மூன்று ஓடும்போது மின்சார ஓவனையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் போட்டால் எல்லை தாண்டிவிடும். சிலவற்றை அணைத்துவிட்டு லிங்க்கி மீட்டரின் + பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மின்சாரம் திரும்பும்.

14. "ஈரத்துணியை ரேடியேட்டர் மேல் காயப்போடலாமா?"

மின்சார ரேடியேட்டரில் கூடவே கூடாது. மேலே காற்று வெளியேறும் துளையை மூடினால் தீப்பிடிக்கலாம். தண்ணீர் ரேடியேட்டரில் தீ இல்லை. ஆனால் துணி சூட்டை அடைத்துக்கொள்கிறது, ஆவி சுவரில் படிந்து கரும்பூஞ்சை வருகிறது. புடவை காய வெயில் கிடைக்காதது அங்கே வாழ்வதன் விலை.

15. "ஜன்னல் சட்டத்தின் மேலே ஒரு பிளவு வழியாகக் குளிர்காற்று வருகிறது. டேப் ஒட்டி அடைத்துவிட்டோம். சரிதானே?"

உடனே பிரிக்கச் சொல்லுங்கள். அது விரிசல் இல்லை, காற்றோட்டத்துக்காக வைத்த வழி. குளியலறையிலும் சமையலறையிலும் காற்றை உறிஞ்சும் துளைகள் இருக்கின்றன. உள்ளே வர இந்த வழி. அடைத்தால் சமையல் ஆவியும் மூச்சின் ஈரமும் சுவரிலேயே தங்கும். ஈரக் காற்றையும் ஈரச் சுவரையும் சூடாக்குவது கடினம், ஆகவே அடைத்த வீடு இன்னும் குளிரும்.

காஸ் பாய்லர் உள்ள வீட்டில் இது உயிர் விஷயம். காற்று போதாமல் எரியும் காஸ் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம் என்றால் ஜன்னலைத் திறந்து, பாய்லரை நிறுத்தி, வெளியே வந்து 18 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும். ரேடியேட்டர் வேலை செய்யவில்லை என்று வீட்டுக்குள் கரி மூட்டுவதும் இதே ஆபத்து. 2015 மார்ச் 8 முதல் ஒவ்வொரு வீட்டிலும் கட்டாயமான புகை அலாரம் சாம்பிராணிக்கு அலறும். கார்பன் மோனாக்சைடுக்கு வாயே திறக்காது. அதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டும்.

16. "பொங்கலுக்கு மூன்று வாரம் ஊருக்கு வருகிறோம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வரலாமா?"

அணைக்கக் கூடாது. தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் விரியும், குழாய் வெடிக்கும். வெடித்தது அப்போது தெரியாது, பனி உருகும் நாளில்தான் தெரியும். பாய்லரை உறைகாப்பு நிலையில் அல்லது 12 டிகிரியில் விட்டு வாருங்கள். வால்வுகளைப் பனிப்படிகக் குறியில் வைத்துவிட்டு பாய்லரை முழுவதும் அணைப்பவர்கள் உண்டு: பாய்லர் ஓடாவிட்டால் அந்தக் குறி எதையும் காக்காது. வீட்டுக்குத் தண்ணீர் வரும் முதன்மைக் குழாயையும் மூடிவிடுங்கள். திரும்பிப் போய்ச் சேர்ந்த முதல் நாள் வீடு சூடாகாது. சுவர்கள் சூடாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். அன்றைக்கு எனக்கு அழைக்க வேண்டாம்.

17. "வாடகை வீடு. செலவு யாருடையது?"

குடியிருப்பவர் பொறுப்பான சிறு பழுதுகளின் பட்டியல் 1987 ஆகஸ்ட் 26 தேதியிட்ட அரசாணையில் இருக்கிறது. காற்றைத் திறந்துவிடுவது, வாஷர், சிறு பாகங்கள் எல்லாம் குடியிருப்பவர் தலையில். சொந்த பாய்லர் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை பராமரிப்புக் கட்டாயம். ஒப்பந்தத்தில் வேறாக எழுதாதவரை அதுவும் குடியிருப்பவர் செலவே, சான்றிதழை வைத்திருக்க வேண்டும். பழையதாகிப்போன பாய்லர், துருப்பிடித்து ஓட்டை விழுந்த ரேடியேட்டர், கெட்ட பம்பு வீட்டுக்காரருடையது. வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். அறையின் வெப்பமானி படத்தோடு தேதியிட்டு, ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபாலில் எழுத வேண்டும். அந்தக் கடிதம் போகும் வரை எந்தப் பேச்சும் பேச்சாகக் கணக்கில் வராது.

18. "புதிய பாய்லர் வைத்தோம். ரேடியேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்புத்தான். பழையது கையைச் சுடும். ஏமாற்றிவிட்டார்களா?"

அறையில் என்ன டிகிரி காட்டுகிறது? இதைச் சொல்லாமல் ரேடியேட்டரைத் தொட்டதை மட்டும் சொல்கிறார்கள். பழைய பாய்லர்கள் 70, 80 டிகிரித் தண்ணீரை அனுப்பிவிட்டு, நின்று, மறுபடி அனுப்பும். புதியவை வெளிக்காற்றின் குளிரை ஓர் உணரியால் அளந்து, அதற்கேற்ற சூட்டில் தண்ணீரை இடைவிடாமல் சுற்றவிடும். வெளியே பத்து டிகிரி இருக்கும் நாளில் நாற்பது டிகிரித் தண்ணீரே போதுமானதாக இருக்கலாம். நம் உடம்பே 37 டிகிரி, ஆகவே கைக்கு அது சூடாகத் தெரியாது. அறை 20-இல் நின்றால் எல்லாம் சரி. காஸ் செலவும் குறையும்.

அறை 17-ஐத் தாண்டவில்லை, வெளியே குளிர் கூடக் கூட உள்ளேயும் இறங்குகிறது என்றால், வெளிக்குளிருக்கு எவ்வளவு சூடு என்ற அந்தக் கணக்கை உயர்த்த வேண்டும். பொருத்தியவரே வந்து பாய்லரின் அமைப்பில் மாற்றித் தருவார். அழைக்கும் முன் மூன்று நாள் காலையும் மாலையும் வெளியே எத்தனை, உள்ளே எத்தனை என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஒருநாளிரவு மட்டும் குறைந்ததென்றால் அது பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டில் பதிந்திருக்கும் இரவுநேரக் குறைப்பு. கையேட்டின் நிரல் பக்கத்தைப் பார்த்து நேரத்தை மாற்றினால் போதும்.